ஆறேகால் அடி ஆளுக்கு எண்ணூறு கிராமில் ஒரு டென்ட்

என் உயரம் 191 செ.மீ. பழைய கணக்கில் ஆறேகால் அடி. ஊரில் பனைமரம் என்பார்கள், ஆபீசில் டவர் என்பார்கள், ரெண்டும் பழகிவிட்டது. ரயிலில் மேல் பெர்த்தில் படுத்தால் கணுக்காலுக்குக் கீழே உள்ளதெல்லாம் நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், காபி கேனோடு வருகிறவர் அதில் முட்டிவிட்டு "சார், கொஞ்சம் மடக்கிப் படுங்க" என்பார், அதுவும் பழகிவிட்டது. பழகாத ஒரே விஷயம், நாலாயிரம் மீட்டர் உயரத்தில் விடிகாலை நாலு மணிக்கு ஈரக்காலோடு முழிப்பது. அதற்காகத்தான் இரண்டு வருடம் டென்ட் டென்டாகப் பார்த்து, ஒன்றை வாங்கி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கடைசியில் டர்ஸ்டன் எக்ஸ்-மிட் 1 என்கிற டென்டில் வந்து நிற்கிறேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலில் மற்ற கதையைச் சொல்லியாக வேண்டும். உயரமான ஆள் டென்ட் வாங்கும்போது ஏமாறுவது எப்போதும் ஒரே இடத்தில்தான், அது எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் நான் வாங்கியதையே நீங்களும் வாங்க வேண்டும் என்று இல்லை.

முதல் டென்ட். பெயர் வேண்டாம். இரண்டு பேர் படுக்கலாம், ஒன்றரைக் கிலோ, உள்நீளம் 215 செ.மீ. என்று பையில் போட்டிருந்தது. நான் 191, டென்ட் 215, மிச்சம் 24, தாராளம் என்று ஐந்தாம் வகுப்புக் கழித்தல் கணக்குப் போட்டேன். கடையில் விரித்துக் காட்டச் சொன்னேன். "சார், பிரிச்சா திரும்ப இந்தப் பைக்குள்ள போகாது" என்றார்கள். சரி என்று பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த 'சரி'யைச் சொல்லியிருக்கக் கூடாது.

அதை எடுத்துக்கொண்டு ஒரு ஜூலை மாதம் ஹம்தா பாஸ் போனேன். மணாலி பக்கமிருந்து ஏறி 4,270 மீட்டரில் கணவாயைத் தாண்டி லாஹௌல் பக்கம் இறங்குகிற பாதை. கணவாய்க்கு இந்தப் பக்கம் பச்சைப் புல்லும் மழையும் சேறும், அந்தப் பக்கம் புல் பூண்டு இல்லாத வறண்ட மலை. ஒரே நாளில் இரண்டு ஊர்ச் சீதோஷ்ணம். பாலு கா கேரா என்கிற ஆற்றங்கரை முகாமில் மத்தியானம் மூன்று மணிக்குப் பிடித்த மழை விடவே இல்லை. நைலான் துணிக்கு ஒரு குணம் உண்டு, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நீளும். டென்டில் நாம் படுக்கிற உள்வலை ஒன்று, அதன் மேல் மழைக்கான மேல்விரிப்பு ஒன்று என்று இரண்டு அடுக்கு. சாயங்காலம் விறைப்பாக இழுத்துக் கட்டிய மேல்விரிப்பு ராத்திரி பத்து மணிக்குக் கொடியில் தொங்குகிற நனைந்த வேட்டி மாதிரி தொய்ந்து உள்வலையோடு ஒட்டிக்கொண்டது. அந்த உள்வலையில்தான் என் ஸ்லீப்பிங் பேக்கின் கால் பக்கம் ஏற்கெனவே முட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. மேல்விரிப்பின் உட்புறத்தில் என் மூச்சுக்காற்றே குளிர்ந்து துளித்துளியாகப் படிந்திருந்தது, அதெல்லாம் வலை வழியாக இறங்கி, பையின் கடைசி ஒரு அடியை ஊறப்போட்டுவிட்டது. உள்ளே இருந்தது வாத்து இறகு. இறகு நனைந்தால் கட்டி கட்டியாக உருண்டுகொண்டு பை வெறும் துணியாகிவிடும். காலையில் அதைத் தூக்கிப் பார்த்தபோது மழையில் மாட்டிக்கொண்ட கோழி மாதிரி இருந்தது.

அடுத்த ராத்திரி ஷியா கோருவில் மழைக்கோட்டை எடுத்து, ஜிப்பை மூடி, பையின் கால் பக்கத்தை அதற்குள் நுழைத்துக்கொண்டு படுத்தேன். இது நல்ல தந்திரம், இப்போதும் தேவைப்பட்டால் செய்வேன். ஆனால் பதினைந்து கிலோ முதுகில் சுமந்துகொண்டு போகிற மனுஷனுக்குக் கால் நீட்ட இடம் இல்லாமல் போனால் அந்த டென்டில் மிச்சம் பிடித்த எடைக்கு என்ன மரியாதை?

திரும்பி வந்து ஊருக்குப் போயிருந்தபோது மொட்டை மாடியில் சாக்பீஸும் அளவு டேப்பும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு செ.மீ. கனத்துக் காற்று மெத்தையை ஊதி, தலையணை வைத்து, ஸ்லீப்பிங் பேக்கை விரித்து அதற்குள் புகுந்து படுத்துக்கொண்டேன். வற்றல் காயப்போட மேலே வந்த அம்மா பார்த்துவிட்டார்.

"ஏல, உச்சி வெயில்ல கம்பளிக்குள்ள கெடக்க, மேலுக்கு முடியலையா?"

"இல்லம்மா, நீளம் பாக்கேன்."

"உன் நீளம் ஊருக்கே தெரியுமே, இதுல என்னத்தப் பாக்க?"

சொன்னாலும், சாக்பீஸை வாங்கித் தலைக்கு மேலே ஒரு கோடும் காலுக்குக் கீழே ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார். அளந்தால் 211 செ.மீ. இருபது சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் சுலபம். நின்றால் பாதம் தரையில் பரவி நிற்கிறது. படுத்தால் விரல் முன்னால் சாய்ந்துவிடும், அது ஒன்பது பத்து செ.மீ. பையின் உப்பல் தலைப் பக்கம் ஐந்து, கால் பக்கம் ஐந்து. ஆக, படுக்கிற 'நான்' நிற்கிற என்னைவிட இருபது செ.மீ. அதிகம். குப்புறப் படுக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

இது பாதிக் கதைதான். மீதிப் பாதி சுவரில் இருக்கிறது. டென்டின் நீளம் என்று அவர்கள் போடுவது தரையின் நீளம். நாம் தரையில் இல்லை. மெத்தை எட்டு, தலையணை, அதற்கு மேல் மண்டை என்று பார்த்தால் உச்சந்தலை தரையிலிருந்து கிட்டத்தட்ட 30 செ.மீ. மேலே இருக்கிறது, கால் விரலும் அந்த உயரத்துக்குக் குறையாது. அந்த 30 செ.மீ. உயரத்தில் டென்டுக்குள் எவ்வளவு நீளம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. தலைமாட்டுச் சுவரும் கால்மாட்டுச் சுவரும் 60 டிகிரியில் சாய்ந்திருந்தால் அந்த உயரத்தில் ஒவ்வொரு பக்கமும் 17 செ.மீ. போய்விடும். 215 என்று போட்ட டென்டில் எனக்குக் கிடைப்பது 181. என் உயரத்தைவிட பத்து குறைவு! 45 டிகிரி என்றால் பக்கத்துக்கு 30 போய் 155 மிஞ்சும், அது பள்ளிக்கூடப் பையனுக்கு. அதே 215, சுவர் 75 டிகிரி நிமிர்ந்து நின்றால் பக்கத்துக்கு எட்டுதான் போகும், 199 கிடைக்கும். பாருங்கள், பையில் அச்சடித்த எண் மூன்றுக்கும் ஒன்றுதான்.

இதை எந்தக் கம்பெனியும் பெரிதாகப் போடுவதில்லை. தரை நீளம், அகலம், நடு உயரம், எடை, இவ்வளவுதான். சுவரின் சாய்வு தெரிய வேண்டுமென்றால் பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தைத் தேடிப் பிடித்து, திரையில் ஒரு ஸ்கேலை வைத்து அளக்க வேண்டும். நான் அதைத்தான் செய்தேன், ஆபீசில் உட்கார்ந்து, கோணமானியை வைத்துக்கொண்டு. பக்கத்து சீட்காரன் எனக்கு வேலை போய்விட்டதோ என்று பயந்துவிட்டான்.

இன்னொரு அளவும் உண்டு, உட்கார்கிற உயரம். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தரையிலிருந்து உச்சி வரை எனக்கு 99 செ.மீ., மெத்தைமேல் உட்கார்ந்தால் 107. சந்தையில் உள்ள எடை குறைந்த டென்ட் நிறைய நடுவில் 100 செ.மீ.தான், அதுவும் ஒரே ஒரு புள்ளியில். மழை நாளில் அதற்குள் ஆறு மணி நேரம் உட்கார நேர்ந்தால் கழுத்து என்ன பாடுபடும் என்று உயரமானவர்களுக்கு விளக்க வேண்டாம்.

இந்த மூன்று எண்களையும் கையில் வைத்துக்கொண்டு தேடினேன். நேச்சர்ஹைக் கிளவுட் அப் 2 நம் ஊரில் மலையேறுகிறவர்களிடம் அதிகம் கண்ணில் படுவது, விலைக்கு நல்ல டென்ட், ஆனால் தரை 210, நடு உயரம் 100, தலைப் பக்கம் தூக்கலாகவும் கால் பக்கம் தாழ்ந்தும் இருக்கிற அமைப்பு. ஐந்தே முக்கால் அடிக்காரர் யோசிக்காமல் வாங்கலாம், நான் வாங்க முடியாது. அதில் தனியாளாகக் கோணலாகப் படுத்தால் சமாளிக்கலாமே என்று ஒரு நண்பன் சொன்னான், கணக்குப்படி சரிதான், 210க்கு 125 செவ்வகத்தில் மூலைக்கு மூலை 244 வரும். ஆனால் மூலைகளில்தான் சுவர் இரண்டு பக்கமும் சாய்கிறது. எம்.எஸ்.ஆர். ஹப்பா ஹப்பா இரண்டு பேர் மாடல் நிஜமாகவே நன்றாக யோசித்துச் செய்தது, இரண்டு பக்கமும் வாசல், தரை 213. நடு உயரம்தான் எனக்கு உதைக்கிறது. பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர் தரை 224, தலைப் பக்கம் அகலம் 132, கால் பக்கம் 107. உயரமானவர்களுக்கென்றே 'லாங்' என்று ஒரு மாடலும் போடுகிறார்கள், ஒரு கம்பெனியாவது நம்மை நினைத்ததே என்று சந்தோஷமாக இருந்தது. நின்ற இடத்தில் கம்பியோடு தானே நிற்கிற டென்ட்தான் வேண்டும் என்கிற உயரக்காரர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். விலையைக் கேட்டுவிட்டு வந்து என்னைத் திட்டாதீர்கள்.

ஜீபேக்ஸ் டூப்ளெக்ஸ் இன்னொரு உலகம். தரை 229, உயரம் 122, எடை அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பாய்மரப் படகுகளுக்காக உருவான துணியில் தைக்கிறார்கள், இப்போது அதை டைனீமா காம்போசிட் என்கிறார்கள், அது தண்ணீர் குடிக்காது, நீளாது, தொய்யாது. ஆனால் ஒற்றைச் சுவர், தனியாக உள்கூடாரம் கிடையாது. மூச்சின் ஈரம் படிகிற சுவரும் என் பை முட்டுகிற சுவரும் ஒன்றே என்றால் எனக்கு அது பாலு கா கேராவை ஞாபகப்படுத்துகிறது. குட்டையானவர்கள் நடுவில் படுத்து எதையும் தொடாமல் காலத்தை ஓட்டிவிடுவார்கள். ஸ்வீடன்காரர்களின் ஹில்லெபெர்க் கம்பெனி போடுகிற 'கைட்டும்' (Kaitum) என்கிற மாடல் இரண்டு முனையும் செங்குத்தாக நிற்கிற குகை மாதிரி டென்ட், எனக்காகவே தைத்த மாதிரி இருக்கும், புயலிலும் நிற்கும். எடை மூன்று கிலோ அளவில். இரண்டு பேர் பங்கு போட்டுச் சுமந்தால் சரி, தனியாகப் போகிற எனக்கு அது கழுதை வைத்துக்கொள்வதற்குச் சமம்.

கடைசியில் எக்ஸ்-மிட். டான் டர்ஸ்டன் என்கிற கனடாக்காரர் வடிவமைத்தது. தனிக் கம்பி கிடையாது, நாம் ஊன்றிக்கொண்டு நடக்கிற இரண்டு ட்ரெக்கிங் போலையே நட்டு நிறுத்த வேண்டும். மேல்விரிப்பு ஒரு நேர்ச் செவ்வகம், சுமார் இரண்டரை மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம். சாமர்த்தியம் உள்ளே இருக்கிறது. உள்கூடாரம் அந்தச் செவ்வகத்துக்குள் நேராக உட்காராமல் கோணலாக, ஒரு இணைகரமாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கம்பும் நடுவில் நிற்காமல் எதிரெதிர்ப் பக்கமாகத் தள்ளி நிற்கின்றன, ஒன்று தலைமாட்டை ஒட்டி இந்தப் பக்கம், இன்னொன்று கால்மாட்டை ஒட்டி அந்தப் பக்கம். அதனால் கூரையின் உச்சிக்கோடு டென்டுக்குக் குறுக்கே சாய்வாக ஓடி, உயரம் வேண்டிய இரண்டு இடத்திலும் உயரம் கிடைக்கிறது. படுக்கிற இடத்து நடுவில் கம்பும் இல்லை. நண்பன் சொன்ன அதே கோணலாகப் படுக்கிற யோசனைதான், ஆனால் இந்த மனிதர் அதைத் துணியிலேயே தைத்துக் கொடுத்துவிட்டார். உள்தரை சுமார் இரண்டே கால் மீட்டர், உச்சி உயரம் 115க்கு மேல், உள்ளும் வெளியும் சேர்த்து எடை எண்ணூறு கிராம் அளவில். துணி நைலான் இல்லை, பாலியெஸ்டர், ஈரத்தில் தொய்யாது. தையல்களில் டேப் ஒட்டியே வருகிறது.

வாங்கின கதை சுருக்கம்: டாலரில் 250க்குள் இருந்தது, இங்கே தபாலில் வரவழைத்தால் சுங்க வரி கண்ணைக் கட்டும், அதனால் டெக்சாஸிலிருந்து பொங்கலுக்கு வந்த சித்தப்பா மகன் பெட்டியில் முறுக்குக் குழலுக்குப் பதிலாக இது வந்தது. ஏன் முறுக்குக் குழல் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும் என்று கேட்காதீர்கள், சித்தி போன முறை இங்கிருந்து கொண்டுபோனதைத் திருப்பி அனுப்புவதாக இருந்தது.

முதல் முறை நட்டது அதே மொட்டை மாடி. கான்கிரீட்டில் முளை அடிக்க முடியாது என்பதால் நாலு மூலைக்கும் தண்ணீர் கேன். இங்கே ஒரு பாடம் படித்தேன். நாலு மூலையும் சரியான செவ்வகமாக வந்தால்தான் இந்த டென்ட் நிற்கும். கொஞ்சம் சாய்சதுரமாகப் போனாலும் ஒரு பக்கம் சுருங்கி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, புது மாப்பிள்ளைக்குப் பழைய சட்டை போட்ட மாதிரி இருக்கும். தவறு டென்டுடையது இல்லை, என்னுடையது, அவசரப்பட்டு மூலைகளை இஷ்டத்துக்கு இழுத்துவிட்டேன். இரண்டாவது முறை முதலில் நீளமான பக்கத்தை இழுத்துவிட்டு, கொத்தனார் மூலைமட்டம் பார்க்கிற மாதிரி பார்த்து அடுத்த இரண்டையும் வைத்தேன். கம்பு இரண்டையும் உள்ளே நுழைத்து நீட்டினதும் டமாரத் தோல் மாதிரி விறைத்துக்கொண்டது. இப்போதெல்லாம் நாலு நிமிடம் ஆகிறது. உள்ளே படுத்து அம்மா முன்னிலையில் காலை நீட்டிக் காட்டினேன். தலைக்கும் இடம் மிச்சம், காலுக்கும் இடம் மிச்சம். "இதுக்குள்ளயா ராத்திரி கெடப்ப, பாம்பு வந்தா?" என்பது மட்டும்தான் அம்மாவின் விமரிசனம்.

நிஜப் பரீட்சை லடாக்கில், மார்க்கா பள்ளத்தாக்கில். ஆகஸ்ட். வழியெல்லாம் வீட்டில் தங்க இடம் தருகிறார்கள், சோறு போடுகிறார்கள், டென்ட் இல்லாமலும் போகலாம், நிறைய பேர் அப்படித்தான் போகிறார்கள். எனக்கு அங்கேயும் கட்டில் பிரச்சினை, சொல்லவே வேண்டாம். ஸ்கியு, மார்க்கா, ஹங்கர் வரை நல்ல சமதளம், முளை சுகமாக இறங்கியது. நிமாலிங் போனதும்தான் விஷயம். நாலாயிரத்து எழுநூறு மீட்டருக்கு மேலே ஒரு பெரிய மேய்ச்சல் வெளி, எதிரே காங் யாட்சே சிகரம், ஒரு மரம் கிடையாது, சாயங்காலமானால் பனிமலையிலிருந்து காற்று இறங்கி வரும். தரை பார்க்கப் புல்வெளி, நாலு விரல் கீழே முழுக்கக் கல். ஆறு முளையில் இரண்டு வளைந்தது. முளை இறங்காத மூலையில் கயிற்றை நீளமாக விட்டு, ஒரு தேங்காய் அளவு கல்லில் சுற்றி, அந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு பெரிய பாறாங்கல்லை உருட்டி வைத்தேன். இழுத்தால் சின்னக் கல் பெரிய கல்லில் முட்டி நிற்கும், கயிறு பாறையில் உராய்ந்து அறுபடாது. கல்லுக்கு அங்கே பஞ்சம் இல்லை.

ராத்திரி காற்றில் துணி அடித்துக்கொண்டேதான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன், காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற ஆள் நான். ஆனால் எங்கும் குழியவில்லை. விடிகாலை பாட்டில் தண்ணீர் பாதி கட்டியாகியிருந்தது. மேல்விரிப்பின் உட்புறம் முழுக்கச் சர்க்கரை தூவின மாதிரி உறைபனி. கையை நீட்டி ஒரு தட்டு தட்டினேன், பொலபொலவென்று உதிர்ந்து உள்வலைக்கு வெளியே இரண்டு பக்கமும் சரிந்து விழுந்தது. பிறகு முதல் காரியமாகப் பையின் கால் பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. இரண்டு வருடம் கோணமானியோடு அலைந்தது அந்த ஒரு தடவலுக்காகத்தான். வெளியே ஆட்டு மந்தை டென்டைச் சுற்றிக்கொண்டு நின்றது, ஒன்று கயிற்றை மென்றுகொண்டிருந்தது. அன்றைக்கே 5,200 மீட்டருக்கு மேலே கோங்மாரு லாவைத் தாண்டினேன், வெதுவெதுப்பான காலோடு.

குறை இல்லாமலா? இந்த வகை டென்டுக்கே உள்ள குறைகள் உண்டு. இடம் நிறைய வேண்டும். ஒற்றை ஆள் டென்டுக்கு இரண்டரைக்கு ஒன்றே முக்கால் மீட்டர் சமதளம் தேடுவது மலைச்சரிவில் லேசு இல்லை. முளை இல்லாமல் நிற்காது, முழுப் பாறையிலோ மரப்பலகை மேடையிலோ கயிறு கட்ட வழி தெரியாதவர் திண்டாடுவார். டென்டை நட்டு வைத்துவிட்டு, போலை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சிகரம் ஏறிவிட்டு வரலாம் என்றால் முடியாது, போலை எடுத்தால் வீடு விழுந்துவிடும். அகலமும் கொஞ்சம்தான், மூட்டையை உள்ளே வைத்துக் கட்டிப்பிடித்துத் தூங்குகிற ஆள் என்றால் இடிக்கும், நான் அதை வாசல் பக்கத்து வராந்தாவில் போட்டுவிடுகிறேன், இரண்டு பக்கமும் வராந்தா இருக்கிறது, ஒன்றில் மூட்டை, ஒன்றில் அடுப்பு. உடம்பும் பெரியது, இடமும் வேண்டும் என்றால் எக்ஸ்-மிட் 2 பார்க்கலாம், ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், தனியாளுக்கு அரண்மனை.

கம்பு விஷயத்தில் மட்டும் உயரமாகப் பிறந்ததற்கு ஒரு லாபம். உயரத்தை 0.68 ஆல் பெருக்கினால் நடக்கிற போலின் நீளம் வரும் என்பார்கள், எனக்கு 130. அதனால் 135 வரை நீள்கிற போல்தான் ஏற்கெனவே கையில் இருந்தது, இந்த டென்டுக்கு அது போதும். குட்டைப் போல் வைத்திருக்கிறவர்கள் அடியில் கல் வைத்து உயர்த்துவதைப் பார்த்திருக்கிறேன்.

டென்ட் மட்டும் நீளமாக வாங்கிவிட்டால் ஆகாது. சாதாரண மெத்தை 183 செ.மீ.தான், நீளமான மாடல் 196 வரும், அதற்கு நூறு நூற்றைம்பது கிராம் கூடுதலாகச் சுமக்கலாம். ஸ்லீப்பிங் பேக்கிலும் 'ரெகுலர்' என்பது ஆறடிக்காரர் வரைதான், 'லாங்' என்றால் ஆறரை அடி வரை. குட்டைப் பைக்குள் நீளக் காலை அழுத்தினால் விரல் பக்கத்து இறகு நசுங்கி அங்கே குளிர ஆரம்பிக்கும், பிறகு பழி டென்டின் மேல் விழும்.

எடுத்து வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை, நம் ஊர்க்காரர்களுக்காக. என் முதல் டென்டை விற்கிறதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டுப் பரணில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் உட்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டியது, பழைய ரெக்சின் மாதிரி ஒரு வாடை. துணியில் தண்ணீர் இறங்காமல் இருக்கப் பூசுகிற பாலியுரித்தேன் பூச்சு, சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து இப்படித்தான் ஆகும். நெல்லைச் சீமை வீட்டுப் பரண் அதற்குப் பொருத்தமான இடம்தானே. இப்போது மலையிலிருந்து வந்ததும் நிழலில் இரண்டு நாள் காயவைத்து, இறுக்கிச் சுருட்டாமல், ஒரு பெரிய தலையணை உறைக்குள் தளர்வாகப் போட்டுப் படுக்கையறை அலமாரியில் வைக்கிறேன். வீட்டில் அதற்கு ஒரு முணுமுணுப்பு இருக்கிறது, பரவாயில்லை.

ஒன்று கேட்பீர்கள், இவ்வளவு செலவு பண்ணி வாங்கி மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கே போடுவது என்று. காட்டுக்குள் இஷ்டத்துக்குப் போட முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும், 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் அத்தனை பேரைப் பறிகொடுத்த பிறகு கெடுபிடி கூடியது, கூட வேண்டியதுதான். அதனால் எனக்கு இது வருடத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை இமயமலைக்கான சாமான்.

இப்போது அண்ணன் மகன் இதைக் கேட்டு நச்சரிக்கிறான். வயது பதினைந்து, போன மாதம் அளந்தபோது 184. அவனையும் ஸ்லீப்பிங் பேக்கோடு மாடியில் படுக்கப்போட்டு அம்மா கோடு போட்டிருக்கிறார், என் கோட்டுக்கு இன்னும் ஐந்து விரல் பாக்கி இருக்கிறது. அவன் வளர்ந்து நிற்கிறவரைக்கும் புது டென்ட் எதுவும் வாங்குவதாக இல்லை.